ஏழாம் கிணற்றின் ஆறு பாட்டில்கள்

"தெல்ஃபின், சாப்பிட்டு முடிச்சதும் வின்ச் வண்டிய ரெடி பண்ணுங்க. ஏழாம் கிணத்துக்குப் போறோம்."

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்றபடியே கிரிசெல் யபுரா இதைச் சொன்னார். என் கையில் பாதி ரொட்டி இருந்தது. அதைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

கிரிசெல் எங்கள் முகாமின் நிலவியல் நிபுணர். நாங்கள் என்ஜினியரம்மா என்போம். யுராகா உப்புப் பாலைக்கு அடியில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று மதிப்பிட்டு, அந்த அறிக்கையில் கையெழுத்திட வேண்டியவர் அவர். அந்த மதிப்பீட்டுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பவன் நான். துளை போடுபவர்கள் எந்திரத்தைக் கழற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனதும், ஒரு மீட்டர் நீள இரும்புக் குழாயைக் கம்பியில் கட்டி, வின்ச் என்கிற கம்பிச்சுருள் எந்திரத்தால் கிணற்றுக்குள் இறக்குவேன். சொன்ன ஆழத்தில் உப்புநீரை அள்ளி மேலே இழுத்து, பாட்டிலில் ஊற்றி, கிணற்றின் எண்ணையும் ஆழத்தையும் எழுதி ஒட்டுவேன்.

"ஏழுலதான் எல்லாம் எடுத்தாச்சே?" என்றேன்.

"இன்னொரு தடவ எடுப்போம். நானும் கூட வர்றேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லெமா, துளைக்குழுவின் மேஸ்திரி, என் விலாவில் முழங்கையால் இடித்தான். "போடா, போ. என்ஜினியரம்மாவே கூட வர்றாங்களாம். தலையையாவது சீவிட்டுப் போ."

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் யாராவது என் முகத்தை உற்றுப் பார்த்திருப்பார்கள்.

ஏழாம் கிணற்றின் ஆழத்திலிருந்து வந்ததாக நான் கொடுத்த ஆறு பாட்டில்களும் ஏழாம் கிணற்றில் அள்ளியவை அல்ல.

டிசம்பர் கடைசியில் நடந்தது அது. ஏழாம் கிணறு நானூறு மீட்டர். இருநூறு வரைக்கும் மாதிரி எடுப்பதில் ஒரு தொந்தரவும் இல்லை. அதற்குக் கீழே ஆறு இடங்களில் அள்ள வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில் என் அள்ளுகுழாய் நின்றுவிட்டது. மண் நெருக்கியதில் கிணற்றின் உள்குழாய் அந்த இடத்தில் நசுங்கியிருக்க வேண்டும். கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் மூன்று மணி நேரம் சிக்கிக் கிடந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், நாலாம் கிணற்றில் அள்ளுகுழாயைத் தொலைத்ததற்காக ருஃபினோவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ருஃபினோ என் மனைவி நியேவெஸின் தம்பி. ஒருவழியாகக் குழாயை உருவி எடுத்தபோது என் கையுறைக்குள் ரத்தம் ஊறியிருந்தது. மணி நாலு. ஆய்வுக்கூடத்துக்குப் பெட்டிகளைக் கொண்டுபோகும் லாரி ஐந்து மணிக்குக் கிளம்பும்.

திரும்பும் வழியில் மூன்றாம் கிணறு இருக்கிறது. ஒரு மாதமாகப் பம்பு போட்டு இறைத்துக்கொண்டிருந்த கிணறு. திருகினால் நீர் கொட்டும். ஆறு பாட்டிலும் பத்து நிமிஷத்தில் நிறைந்தன. ஒட்டுச்சீட்டுகளில் 220 தொடங்கி 395 வரை ஆழங்களை எழுதினேன். அன்று என் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

வண்டியைத் தயார்செய்து பத்து மணியிலிருந்து காத்திருந்தேன். கிரிசெல் வரவில்லை. முகாம் மேலாளர் பத்திஸ்தெல்லாவின் அறையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. "வெள்ளிக்கிழம அறிக்க போயாகணும், கிரிசெல். முதலாளிங்க காத்துக்கிட்டிருக்காங்க. ஆய்வுக்கூடம் கொடுத்த நம்பர நீங்க என்ன, சந்தேகப்பட்டு விளையாடுறீங்களா?" அதற்கு அவர் சொன்ன பதில் கேட்கவில்லை. வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. கிழக்கு மலைகளுக்குப் பின்னால் மேகம் அதற்குள் காலிஃபிளவர் போல எழும்பிவிட்டது. பிப்ரவரி எங்களுக்கு மழைக்காலம்; மதியத்துக்குப் பிறகு இடிக்குப் பயந்து உப்பின்மேல் யாரும் நிற்பதில்லை.

"நாளைக்குக் காலைல போலாமேம்மா. மேகத்தப் பாருங்க."

"நாளைக்குப் போனா அந்த ஆளு வேற ஏதாவது காரணம் சொல்லுவான். மூணு மணிக்குள்ள திரும்பிடலாம். ஏறுங்க."

உப்புப் பாதையில் முக்கால் மணி நேரப் பயணம். களைப்புக்கு நாங்கள் மெல்லும் கோகா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஓட்டினேன். பேச்சு வந்தால் பேசாமலிருக்க அது ஒரு சாக்கு. கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார்.

"ஆழம் கூடக் கூட உப்புநீர் கனமாகும், இல்ல லேசாகும். ஏதாவது ஒண்ணு நடக்கும். ஏழுல எதுவுமே நடக்கல. ஆறு பாட்டில்லயும் லித்தியம் லிட்டருக்கு எழுநூத்தி எண்பது மில்லிகிராம். மக்னீசியமும் ஒண்ணு, கனமும் ஒண்ணு. ஒரே வயித்துல பொறந்த ஆறு பிள்ளைங்ககூட இப்படி இருக்காதுங்க."

"கீழ முழுக்க ஒரே மணலா இருக்கலாம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நெனச்சு சந்தோஷமா கணக்கும் போட்டேன். பரப்பு, ஆழம், மண்ணுலேர்ந்து வடியக்கூடிய தண்ணியோட பங்கு, அதுல எவ்வளவு லித்தியம், எல்லாத்தையும் பெருக்கினா பதினெட்டு லட்சம் டன் வருது. அதுல ஏழு லட்சம் தெற்கால இருக்கற இந்த ஒத்தக் கிணத்த நம்பித்தான் நிக்குது. அப்புறம்தான் சாயத்தப் பாத்தேன்."

கோகா இலையை இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினேன்.

துளை போடும்போது உள்ளே விடும் நீரில் பச்சைச் சாயம் கலப்பார்கள். மாதிரியில் அந்த நீர் கலந்திருந்தால் விளக்கின் கீழே பச்சையாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை தடவை அள்ளிக் கொட்டிச் சுத்தம் செய்தாலும் புதுக்கிணற்றில் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டுதான் வரும். இது எனக்குத் தெரியாததல்ல. அன்று ஞாபகம் வரவில்லை.

"எல்லாக் கிணத்துலயும் துளியாவது வந்துச்சு. இந்த ஆறுல மட்டும் சுத்தமா இல்ல," என்றார் கிரிசெல்.

"ஆய்வுக்கூடத்துல பாட்டில மாத்திட்டாங்களோ?"

சொன்ன பிறகு எனக்கே கூசியது.

"அவங்களத்தான் நானும் சந்தேகப்படுறேன். ஒரு வாரமா அங்க இருக்கற பொண்ணப் போட்டு வறுத்துக்கிட்டிருக்கேன். நேத்து போன்லயே அழுதுட்டா. அதான் உங்களயே கூட்டிட்டு வந்தேன். உங்க கையால அள்ளி, நான் கண்ணால பாத்துட்டா, அப்புறம் யாரும் பேச முடியாதுல்ல?"

அப்போதே வண்டியை நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒருவேளை நசுங்கிய குழாய் தானாக விலகியிருக்கலாம், ஒருவேளை இன்று குழாய் இறங்கிவிடலாம் என்று நம்ப ஆரம்பித்தேன். கிணறு வரைக்கும் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன்.

கிணற்றுக்கு மேலே ஆளைவிட உயரமான இரும்பு முக்காலியை நிறுத்தி, வண்டியின் பின்னாலிருந்த வின்ச்சிலிருந்து கம்பியை அதன் உருளை வழியாக விட்டு, நுனியில் அள்ளுகுழாயை மாட்டினேன். சுற்றிலும் பத்து மைல் தூரத்துக்கு எங்கள் முக்காலியைவிட உயரமான பொருள் எதுவும் கிடையாது. கிரிசெல் நோட்டுப் புத்தகத்தோடு ஆழங்காட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"நூறு," என்று வாசித்தார். "நூத்தம்பது."

தெற்கே முதல் மின்னல் அடித்தது. மனசுக்குள் எண்ணினேன். இருபது எண்ணியபோது இடி கேட்டது.

"நூத்தித் தொண்ணூறு. இருநூறு. மெதுவா விடுங்க. இருநூத்திப் பத்து."

கம்பி தளர்ந்து தொய்ந்தது.

"என்னாச்சு?"

"நின்னுடுச்சு."

"எவ்வளவுல?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"கொஞ்சம் தூக்கிட்டு மறுபடி விடுங்க."

தூக்கப் பார்த்தேன். வின்ச் முனகியது, குழாய் அசையவில்லை. இந்தத் தடவையும் அதே இடத்தில் கடித்துக்கொண்டது. கிரிசெல் நோட்டை வண்டிக்குள் எறிந்துவிட்டு வந்து கம்பியைக் கையால் பிடித்து ஆட்டினார். "எங்கயோ லேசா தட்டுது, அவ்வளவுதான். போன தடவ போச்சுல்ல? இன்னிக்கும் போகும். நீங்க பக்கத்துல வந்து பிடிங்க."

மின்னல். இந்தத் தடவை எட்டு எண்ணினேன்.

"அம்மா, போயிடலாம்."

"குழாய உள்ள விட்டுட்டா? பத்து நிமிஷம், தெல்ஃபின்!"

காற்று அடங்கிவிட்டது. பாலை முழுக்கக் கறுத்து, உப்பு மட்டும் தன் வெளிச்சத்தில் கிடப்பது போலிருந்தது. முக்காலியின் உச்சியிலிருந்து தேனீ இரைவது போல மெல்லிய சத்தம் கிளம்பியது. கிரிசெலின் பின்னலிலிருந்து பிரிந்திருந்த முடியெல்லாம் மெதுவாக மேலே எழுந்து நின்றது. இடி இறங்கப்போகிறது என்பதற்கு அடையாளம் அது; அவருக்கு அது தெரியவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கம்மா அத! அது போகாது!"

"ஏன் போகாது? போன தடவ..."

"போன தடவையும் போகல! இதே எடத்துலதான் நின்னுச்சு. அந்த ஆறு பாட்டிலும் இந்தக் கிணத்துத் தண்ணி இல்ல. நான்தான் பொய் எழுதினேன். விட்டுட்டு வண்டில ஏறுங்க!"

அவர் கை கம்பியிலிருந்து விலகியது. அப்போதும் நகராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் தோளைப் பிடித்து வண்டிப் பக்கம் தள்ளினேன். மூன்று வருஷத்தில் அவரை நான் தொட்டது அந்த ஒரு முறைதான். கம்பி வின்ச்சோடு எங்கள் வண்டியையும் கிணற்றையும் கட்டி வைத்திருந்தது. வெட்டுக்கருவியை எடுத்து, நீண்ட மரப்பிடியைப் பற்றி அழுத்தினேன். இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை அறுந்தது. உருளையில் கம்பி சீறிக்கொண்டு ஓடிக் கிணற்றுக்குள் மறைந்தது. குழாய் போய்விட்டது. கதவைச் சாத்தியும் சாத்தாமலும் வண்டியை எடுத்தேன்.

முந்நூறு மீட்டர் கூடப் போயிருக்க மாட்டோம். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. திரும்பிப் பார்த்தபோது முக்காலியைக் காணோம். ஒரு கால் மட்டும் வளைந்து புகைந்துகொண்டிருந்தது.

பிறகு ஆலங்கட்டி. வண்டியின் கூரைமேல் கல்லைக் கொட்டுவது போல விழுந்தது. எதிரே எதுவும் தெரியாததால் நிறுத்திவிட்டேன். என்ஜினை அணைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க நெரப்பினீங்க?"

"மூணுல."

"மூணுல. ஒரு மாசம் எறச்ச கிணறு. அங்க சாயம் எப்படி இருக்கும்?" அவர் சிரித்தார், கேட்க நன்றாக இல்லை. "ஒரே கிணத்துல ஒரே நேரத்துல ஆறு பாட்டில். பொய் சொல்றதுதான் சொல்றீங்க, கொஞ்சம் கஷ்டப்பட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

சரியாகச் சாத்தாமலிருந்த என் பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"அந்தப் பொண்ண என்னென்ன பேசினேன் தெரியுமா? வேலைக்கே லாயக்கில்லன்னு சொன்னேன். ஏன் தெல்ஃபின்? குழாய் நிக்குதுன்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?"

"சொல்லத்தான் ரேடியோல கூப்பிட்டேன்."

"எப்ப?"

"மூணேமுக்காலுக்கு. 'அம்மா, ஏழுல ஒரு சிக்கல்'னு ஆரம்பிச்சேன். 'சிக்கலையெல்லாம் நேர்ல வந்து சொல்லுங்க, லாரி நிக்குது, ஆறு பாட்டில் இல்லாம முகாம் பக்கமே வராதீங்க'ன்னீங்க. வச்சுட்டீங்க."

ஆலங்கட்டி குறைந்து மழையானது. கண்ணாடியில் உப்பும் நீரும் கலந்து வழிந்தது.

"நான் அப்படியா சொன்னேன்?"

"லெமாவும் அவனோட ரேடியோல கேட்டுக்கிட்டிருந்தான்."

"அதுக்காக நீங்க செஞ்சது சரியாயிடாது."

"தெரியும்மா."

மழை விட்டபோது உப்பின்மேல் கணுக்கால் அளவு நீர் நின்றது. பாதை மறைந்துவிட்டது. அவர் ஓட்ட, நான் கடப்பாரையால் தட்டித் தட்டிக் கெட்டியான இடம் பார்த்து முன்னால் நடந்தேன். பூட்ஸுக்குள் உப்புநீர் புகுந்தது; கடப்பாரையில் வழிந்தது பட்டுக் கையின் வெட்டுகளும் எரிந்தன. முகாமுக்கு வந்து சேர்ந்தபோது ஆறு மணி இருக்கும்.

ஈர உடையோடு நேராகப் பத்திஸ்தெல்லாவின் அறைக்குப் போனோம். கிரிசெல் நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னார். அந்த ஆள் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, தெல்ஃபினுக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்ப யாருக்கும் தெரியாது." மறுபடி உட்கார்ந்தார். "கேளுங்க. கிணத்துல இடி விழுந்துச்சு. மறுபடி மாதிரி எடுக்க முடியல. மொதல்ல எடுத்தது கையில இருக்கு. இதுல எது பொய்?"

"மொதல்ல எடுத்ததே பொய்."

"அது உங்களுக்கு இவன் வாயால சொன்னதுதானே? மின்னல்ல பயந்துபோன ஆளு ஆயிரம் உளறுவான்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் மென்மையாகிவிட்டது. "தெல்ஃபின், உனக்கு எத்தன வருஷமா ஒப்பந்தம்தான்? மூணா? மார்ச்சுலேர்ந்து நிரந்தரம் பண்ணிடலாம். உன் மச்சினன், அவன் பேரென்ன, ருஃபினோ. அவனையும் கூப்பிட்டுக்கலாம். ஒரு குழாய்க்குப் போயி ஒரு மனுஷன வீட்டுக்கு அனுப்பினது எனக்கே மனசு கேக்கல."

நான் கிரிசெலைப் பார்த்தேன். அவர் இப்படிச் செய்யுங்கள் என்று கண்ணால்கூடக் காட்டவில்லை. அவர் கையில் இருந்தது வெறும் சந்தேகம். நான் எழுதிக் கொடுத்தால்தான் அது உண்மையாகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயை மூடிக்கொண்டால் ஆய்வுக்கூடத்துக்காரிமேல் பழி நிற்கும், அல்லது யார்மேலும் நிற்காது. பதினெட்டு லட்சம் டன் என்று வெள்ளிக்கிழமை அறிக்கை போகும். அதை நம்பி உப்புநீரைக் காயவைக்கக் குளம் வெட்டுவார்கள், சாலை போடுவார்கள், எங்கள் ஊரில் பாதிப் பேரை வேலைக்கு எடுப்பார்கள். பிறகு ஒரு நாள் தெற்கே பம்பு போட்டு, அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

நியேவெஸை நினைத்துக்கொண்டேன். நிரந்தர வேலை என்ற சொல்லைக் கேட்டால் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

"ஒரு பேப்பர் குடுங்க," என்றேன்.

"எழுதறதுக்கு முன்னாடி யோசி. இதோட இந்த மலைமேல எந்தக் கம்பெனியும் உன்னச் சேக்காது."

"பேனாவும் குடுங்க சார்."

அவர் தரவில்லை. கிரிசெல் தன் பையிலிருந்து எடுத்துத் தந்தார். தேதி, நேரம், எந்தக் கிணறு, எத்தனை பாட்டில் என்று நின்றபடியே எழுதினேன். விரல்கள் மரத்திருந்ததால் எழுத்து கோணல்மாணலாக வந்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். கிரிசெல் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஒரு வரி விட்டுப்போச்சு."

"எல்லாம் எழுதிட்டேன்மா."

"மூணேமுக்கால் மணி. ரேடியோல நான் என்ன சொன்னேன்னு அதுல இல்ல. எழுதுங்க."

பத்திஸ்தெல்லா நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். "உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு," என்றார்.

அந்த வரியையும் எழுதினேன்.

மறுநாள் காலையில் என்னை ஊருக்கு ஏற்றி அனுப்பினார்கள். லெமா மட்டும் வண்டி வரைக்கும் வந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு பொட்டலம் கோகா இலையை என் மடியில் போட்டுவிட்டுப் போனான். நியேவெஸ் முழுக்கக் கேட்டாள். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரெண்டு மாசமா பக்கத்துலயே படுத்துக்கிட்டு எங்கிட்டகூடச் சொல்லலியே," என்றாள். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. ருஃபினோவின் வாயைத்தான் அடக்க முடியவில்லை. "மாமா, நான் வெறும் குழாயத் தொலைச்சேன், வேல போச்சு. நீங்க குழாயக் காப்பாத்தப் பொய் சொன்னீங்க. கடைசில குழாயும் போச்சு, பொய்யும் போச்சு, வேலையும் போச்சு. என்னவிடப் பெரிய ஆளு நீங்க!" என்று கடைத்தெருவில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிக்க வைத்தான்.

அறிக்கை ஐந்து வாரம் தாமதமாகப் போனது. பதினொரு லட்சம் டன். தெற்கில் இருநூறு மீட்டருக்குக் கீழே மதிப்பிடவில்லை என்று கிரிசெல் எழுதிவிட்டார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது என்றும், வேறு ஆளைத் தேடினால் இன்னும் தாமதமாகும் என்பதால் விட்டுவைத்தார்கள் என்றும் லெமா சொன்னான். ஏப்ரலில் பத்திஸ்தெல்லாவை வேறெங்கோ மாற்றினார்கள்.

எனக்குச் சாலைப் பராமரிப்பில் வேலை கிடைத்தது. நவம்பரில் ஒரு நாள், கணவாய்க்குக் கீழே பாதிச் சாலையை அடைத்துவிட்டு, 'நில்', 'செல்' என்று இருபுறமும் எழுதிய பலகையோடு வண்டிகளை நிறுத்தி நிறுத்தி அனுப்பிக்கொண்டிருந்தபோது, கம்பெனி வண்டி ஒன்று வரிசையில் முதலாவதாக வந்து நின்றது. கிரிசெல் கண்ணாடியை இறக்கினார்.

"நல்லா இருக்கீங்களா தெல்ஃபின்?"

"இருக்கேன்மா. வெயிலுதான்."

"ஏழுக்குப் பக்கத்துல புதுசா போட்டோம். போன வாரம் முடிவு வந்துச்சு. லித்தியம் அறுநூத்திப் பத்துல ஆரம்பிச்சு, கீழ போகப் போக முந்நூத்தி எண்பது வரைக்கும் இறங்குது. அதுவும் களிமண்ணு. தண்ணிய விடவே மாட்டேங்குது."

"அப்ப அந்த ஏழு லட்சம் டன்?"

"ஒன்றரை வந்தா பெரிசு."

ஒன்றரை லட்சம்.

"உங்களத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்டேன்," என்றார். "ஒத்துக்கல."

"கேட்டிருக்க வேண்டாம்மா. எனக்கு நானே வேல குடுக்க மாட்டேன்." பிறகு, கேட்கலாமா என்று தயங்கிக் கேட்டேன். "அந்த ஆய்வுக்கூடத்துப் பொண்ணு?"

"நேர்லயே போயி மன்னிப்புக் கேட்டேன். உக்காரச் சொல்லல. 'சரி மேடம், எனக்கு வேல இருக்கு'ன்னுட்டு உள்ள போயிட்டா."

இரண்டு பேரும் சாலையின் அந்தப் பக்கம் தாரைக் கொட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டு, "டேய், கத பேசவாடா ரோட்ட அடச்சீங்க?" என்று கத்தினான்.

எதிர்ப்பக்க வண்டிகள் ஓய்ந்திருந்தன. நான் பலகையைத் திருப்பி, அவரைப் போகச் சொன்னேன்.